கொல்லியைக் கொடுக்க அவன் யார்?

தோழா!

சென்ற ஆடித் திங்களிலே கொல்லிமலைக்குப் போய்வந்தேன். காரவள்ளியிலிருந்து ஏறுகின்ற பேருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைகிறது. வளைவுக்கு வளைவு உடல் ஒருபுறம் சாய, உள்ளம் மட்டும் அன்று மாலை மேடையிலே முழங்கவேண்டிய சொற்களை அடுக்கிக்கொண்டே இருந்தது. படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழா. ஓரியின் மலையிலே ஓரியைப் பற்றிப் பேசாமல் வேறு எவனைப் பற்றிப் பேசுவது?

பேசினேன். ஓர் அம்பு விடுத்தான்; யானை வீழ்ந்தது, புலி சாய்ந்தது, மான் உருண்டது, பன்றி மாண்டது, புற்றிலே கிடந்த உடும்பின் உடலிலே சென்று அந்த அம்பு தங்கிற்று என்று வன்பரணர் பாடிய கதையைச் சொன்னேன். மலை மகிழ்ந்தது. அந்த வல்வில் ஓரியைக் கொன்ற திருமுடிக்காரியைக் "காசுக்குக் கைநீட்டிக் கத்தி தூக்கியவன்" என்று சாடினேன். கையொலி எழுந்தது. கையொலி எழுந்தால் பேச்சாளனுக்கு என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியாதா? இன்னும் நாலு வசை சேர்த்துக்கொண்டேன்!

கூட்டம் கலைந்தது. தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். தோளிலே துண்டு, கையிலே கவிழ்த்துப் பிடித்த குடை. மெல்லக் கேட்டார்: "ஏங்க தம்பி, ஓரி செத்த அன்னிக்கு எங்க சனம் என்னங்க பண்ணுச்சு? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே."

தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று சொல்லும் மரபு அங்கு வாழும் மலையாளி மக்களிடையே உண்டு. அதனால் என்ன? சாமையும் தினையும் விதைத்து அந்த மண்ணிலே வாழ்கிறவர், அந்த மண்ணின் மாண்டவர்களை "எங்க சனம்" என்று சொல்ல எவரிடம் அனுமதி பெறவேண்டும்? கேள்வி சரியானது. விடைதான் என்னிடம் இல்லை. "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குள் புகுந்தவன் நான். எனக்கு வாய்த்த பல்கலைக்கழகம் படிப்பகத்துப் பலகைதான். அந்தப் பலகையிலே மீண்டும் உட்கார்ந்தேன். ஓரியின் சாவு இரண்டு வீரர்களின் சண்டையல்ல, இரண்டு நாடுகளின் நெடுநாள் பகையிலே, அந்தப் பகையை நடத்திய தூதிலும் துணைத்தேட்டத்திலும் எழுதப்பட்ட ஒரு கணக்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்தக் கணக்கை இன்று உன்னிடம் விரித்துக் காட்டுகிறேன்.

இரண்டு நாடுகள் எவை? ஒன்று சேரம். கருவூர்ப் பக்கத்திலே இருந்து ஆண்ட இரும்பொறை மரபினர். மற்றொன்று தகடூர், இன்றைய தருமபுரி. அங்கே அதியமான் மரபினர்.

"தகடூர் ஒரு நாடா? குறுநிலந்தானே?" என்று பாடப்புத்தகம் படித்த தோழன் கேட்பான். கேட்கட்டும். கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன், பாடலிபுத்திரத்திலே அமர்ந்து ஆண்ட அசோகன், தன் ஆட்சிக்கு அடங்காத அண்டை நாடுகளைக் கல்லிலே வெட்டி அறிவித்தானே, அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்! சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று நால்வரையும் ஒரே வரிசையிலே நிறுத்துகிறது அந்தக் கல். அந்த நாடுகளிலும் மனிதர்க்கும் மாக்களுக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்ததாகவும், மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகை அனுப்பி நடச்செய்ததாகவும் கூறுகிறது. வாளை அனுப்பியவனல்லன், வேரை அனுப்பியவன்! பிறநாட்டு உறவுக்கு அதைவிட அழகிய தொடக்கம் ஒன்றை நான் கண்டதில்லை.

அந்தச் சத்தியபுத்திரர் எவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள். 1981இலே திருக்கோவலூருக்கு அருகே சம்பை என்னும் ஊரிலே ஒரு குகைக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி இது என்று தமிழி எழுத்திலே பளிச்சென்று சொல்லிற்று அது. வழக்கு முடிந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் குடியும், அசோகன் அறிந்திருந்த சத்தியபுத்திரர் குடியும் ஒன்றே! சேரனுக்குச் சமமாக வடபுலத்து வேந்தனால் மதிக்கப்பட்ட நாடு அது.

சமமாக நின்ற இருவர் பகைவர் ஆனது எப்படி?

ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுப் பார், தோழா. நடுவிலே கொல்லிமலை. தென்மேற்கிலே கருவூர். வடக்கே தகடூர். வடகிழக்கிலே, பெண்ணையாற்றங்கரையிலே, காரியின் திருக்கோவலூர். தகடூரை நோக்கிச் சேரன் நிமிர்ந்தால் அவன் பக்கத்திலே நிற்பது கொல்லி. கருவூரை நோக்கித் தகடூர் குனிந்தால் அதன் காலடியிலே கிடப்பதும் கொல்லி. பலாவும் தேனும் மலிந்த மலைதான். ஆனால் பலாவுக்காகவா வேந்தர்கள் படை நடத்துவார்கள்? வாசற்படி யாரிடம் இருக்கிறது என்பதே வழக்கு.

இனி மலையமான் திருமுடிக்காரியின் நிலையைப் பார். நான் மேடையிலே வசை பாடினேனே, அவன்! கபிலர் அவனைப் பற்றிப் பாடியவை புறநானூற்றிலே இருக்கின்றன. 122ஆம் பாட்டின் பொருளை மட்டும் சொல்கிறேன்: உன் நாட்டைக் கடல் கொள்ளாது, பகைவரும் கைக்கொள்ள மாட்டார், மூவேந்தருள் எவனாவது ஒருவன் 'எமக்குத் துணையாக வா' என்று வேண்டி ஆளனுப்பித் தருகின்ற பொருளே உன் செல்வம். எவ்வளவு பெருமிதமான பாட்டு! எவ்வளவு பரிதாபமான நிலைமை! மூன்று பெரியவர்களுக்கு நடுவே ஒரு சிறியவன். மூவரும் அவனைத் தேடி வருகிறார்கள், பொன்னோடு வருகிறார்கள், அவன் வாளை வாங்கிப்போக வருகிறார்கள். வந்தவர்களையெல்லாம் வரவேற்றான். வாழவேண்டுமே!

இத்தகைய நாடுகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு வல்லரசுகளின் தூதரகங்களும் அத்தகைய நாட்டின் தலைநகரிலே எதிரெதிர்த் தெருவிலே இருக்கும். ஒருவர் பாலம் கட்டித் தருவார், மற்றவர் துறைமுகம் கட்டித் தருவார். சீட்டு வரும் நாள் பின்னாலே இருக்கிறது.

காரிக்கும் வந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி திருக்கோவலூரின்மேல் படையெடுத்து வென்றான். அந்த வெற்றியைப் பரணர் பாடியதாக ஔவையே புறநானூற்று 99ஆம் பாட்டிலே குறிக்கிறார். சம்பைக் கல்வெட்டு கோவலூர்ப் பக்கத்திலேயே கிடைத்ததை இதனோடு சேர்த்துப் பார். பாட்டும் கல்லும் கைகோக்கின்றன. ஊரை இழந்த காரி யாரிடம் போவான்? அதியனின் பகைவனிடந்தான். சேரனிடம் சென்றான் என்பதும், சேரன் கேட்ட விலை கொல்லி என்பதும் பழம்பாடல்களை ஒன்றோடொன்று இணைத்து வரலாற்றறிஞர் கட்டுகின்ற தொடர்ச்சி. முடிவை மட்டும் ஐயத்துக்கு இடமின்றி அகநானூற்று 209ஆம் பாட்டிலே கல்லாடனார் கூறிவிட்டார்: முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான்.

கொடுத்தானாம்! எவனுடையதை எவன் எவனுக்குக் கொடுத்தான்? காரியின் கோவலூருக்காகச் சேரனின் துணை. அந்தத் துணைக்கு ஓரியின் மலை விலை! பேரம் பேசியவர் இருவர். பணம் கட்டியவன் மூன்றாமவன்.

இந்தப் பேரத்துக்குப் பிறகு அமைதி மலர்ந்ததா? பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைத் திற. அரிசில்கிழார் பாடியது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பற்றியது. அதன் பதிகம் சொல்கிறது: அதியமானும் அவனோடு இருபெரு வேந்தரும் சேர்ந்து நிற்க, அம்மூவரையும் ஒருசேர இரும்பொறை வென்றான். எங்கே வென்றான் தெரியுமா? கொல்லிக் கூற்றத்திலே! சேரன் ஓர் அணி. தகடூரும் சோழனும் பாண்டியனும் மற்றோர் அணி. அணிகள் இரண்டும் மோதிய இடம், எவரோ எவருக்கோ கொடுத்த அந்த மலைநாடு. அதற்குப் பிறகே தகடூர்க் கோட்டை வீழ்ந்தது. அமைதிக்கு விலையாகக் கொல்லி கொடுக்கப்பட்டது என்று எவனாவது சொன்னால் நம்பாதே. போருக்கு அச்சாரமாகக் கொடுக்கப்பட்டது அது.

தூது போகவில்லையா என்று கேட்பாய். போயிற்று, தோழா, போயிற்று. தமிழகத்துத் தூதுகளிலே தலையாயது அதியனுடையதுதான். அவன் அனுப்பிய தூதர் ஔவை, போன இடம் தொண்டைமானின் அவை. தொண்டைமான் என்ன செய்தான்? பேச்சைத் தொடங்குமுன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான்! இன்றைக்கும் அதுதானே வழக்கம்? வெளிநாட்டு விருந்தினரை மேடையிலே அமர்த்தி, ஏவுகணை வண்டிகளை அணிவகுத்து ஓட்டிக் காட்டுகிறார்களே, மாஸ்கோவிலும் பீகிங்கிலும் டில்லியிலும்! ஔவை அஞ்சவில்லை. ஆகா என்று வியக்கவுமில்லை. இவை மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி, காவலுள்ள மாளிகையிலே பத்திரமாக இருக்கின்றன. எம் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் இகழ்ந்து, இகழ்வதுபோல் புகழ்ந்து... நாடக ஆசிரியன் என்னும் முறையிலே சொல்கிறேன், இந்தக் காட்சியை எழுத இனி ஒருவன் பிறக்கவேண்டும். நான் ஏழு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார். தொண்டைமானிடம் தூது போன ஔவை, சேரனிடம் தூது போனதாக ஒரு பாட்டும் நம் கையிலே இல்லை. கொல்லிக்கும் எவரும் தூது போனதாகப் பாட்டு இல்லை. ஓரியை நோக்கிச் சென்றது காரியின் படையே. மூவேந்தர் ஒருங்கே வீற்றிருக்கக் கண்டு ஔவை வாழ்த்திய பாட்டு ஒன்று, 367ஆம் பாட்டு, இருக்கிறது. பகைவர் மூவர் ஒரே இடத்திலே அமர்ந்த அரிய காட்சி. வேந்தன் வேந்தனோடு அமர்வான், அமர்ந்தால் புலவர் வாழ்த்துவர். இருக்கை இல்லாதவனுக்கு வாழ்த்தும் இல்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதே. 1938 செப்டம்பர்த் திங்களின் இறுதியிலே மியூனிக் நகரிலே நால்வர் கூடினார்கள். ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்சு. செக்கோஸ்லோவாகியாவின் சுதேத்தன் பகுதியை இட்லருக்குக் கொடுப்பதென்று கையெழுத்திட்டார்கள். செக்கோஸ்லோவாகியாவுக்கு அந்த மேசையிலே நாற்காலி இல்லை! சேம்பர்லேன் இலண்டன் திரும்பி, காகிதம் ஒன்றை ஆட்டிக் காட்டினார். ஆறு திங்களுக்குள் பிராகு நகரிலே நாஜிப் படை நுழைந்தது. 1962 அக்டோபரிலே கியூபாவை நடுவிலே வைத்துக்கொண்டு கென்னடியும் குருசேவும் உலகை எரிமலை விளிம்புக்கு இழுத்துச் சென்றார்கள். பின்னர் அறிவோடு இறங்கி வந்தார்கள். அதை நான் போற்றுகிறேன், கோடிக்கணக்கான உயிர் பிழைத்தது. ஆயினும் ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவு காஸ்ட்ரோவைக் கேட்டு எடுக்கப்பட்டதல்ல. துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக மறைவிலே கொடுக்கப்பட்ட வாக்கும் துருக்கி மக்களைக் கேட்டுக் கொடுக்கப்பட்டதல்ல.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1948இலே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கிற்று. தேயிலைச் செடிக்கு எருவாகத் தம் தலைமுறைகளையே கொடுத்தவர்கள். அவர்களை என்ன செய்வது என்று இரு நாடுகளும் பதினாறு ஆண்டுகள் பேசின. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டில்லியிலே கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000? பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 1974இலே, ஆளுக்குப் பாதி என்று 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். மூட்டையை எடைபோட்டுப் பிரிப்பதுபோல! அண்ணன் ஒரு கணக்கிலே, தம்பி மறு கணக்கிலே. இந்த மண்ணைக் கண்ணாலும் காணாதவர்களைத் தாயகம் திரும்புகிறவர்கள் என்று பெயரிட்டுத் தலைமன்னாரிலே கப்பல் ஏற்றினார்கள். ஒப்பந்தத்திலே இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. கொழுந்து கிள்ளிய விரலின் ரேகை அதிலே எங்கேயும் இல்லை. அதே 1974இலே கச்சத்தீவு. அங்கே வலையை உலர்த்தியவனையும் எவரும் கேட்கவில்லை.

உடன்படிக்கையே கூடாது என்று நான் சொல்வதாக எவனாவது திரித்துப் பேசுவான். தாஷ்கண்டிலே 1966இலும் சிம்லாவிலே 1972இலும் இந்தியாவும் பாகிஸ்தானும் உட்கார்ந்து பேசியது, போர்க்களத்திலே இன்னும் பத்தாயிரம் பிள்ளைகளைச் சாகவிடுவதைவிட நூறு மடங்கு மேல். 1960இன் சிந்து நதிநீர் உடன்பாடு, 1965 போரையும் 1971 போரையும் தாண்டி நின்றது. பேசத் தெரிந்த பகைவன், பேசத் தெரியாத நண்பனைவிட நல்லவன். நான் கேட்பதெல்லாம் அந்தப் பெரியவர் கேட்டதுதான்: மேசைக்கு இருபுறமும் அமர்ந்தவர்களைச் சொன்னாய், மேசைமேல் வைக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்?

விடை கிடைத்தது, தோழா. நற்றிணையிலே கிடைத்தது. 320ஆம் பாட்டு. அது போர்ப்பாட்டு அன்று. பரத்தையர் தெருவிலே ஒருத்தி நடந்துபோக, ஊரே அவளைக் கண்டு ஆரவாரித்த கதை. அந்த ஆரவாரம் எப்படியிருந்தது என்பதற்கு உவமை சொல்ல வருகிறார் புலவர். ஓரியைக் கொன்ற காரி, ஓரியின் ஊர்ப் பெருந்தெருவிலே நுழைந்தபோது, அங்கிருந்தோர் அத்தனை பேரும் எழுப்பிய பேரொலியைப் போல என்கிறார்!

இவ்வளவுதான். கொல்லி மக்களைப் பற்றி அந்த நாளிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது ஓர் உவமை, ஓர் இரைச்சல். சொல் இல்லை. முழக்கம் என்ன என்று தெரியாது. ஆனால் அவர்கள் கதவடைத்து வாய்மூடிக் கிடக்கவில்லை. வென்றவன் வாளோடு வந்த தெருவிலே நின்று, அவன் காதிலே விழும்படி அரற்றினார்கள்.

அந்தப் பாட்டைப் பாடியவர் எவர் தெரியுமா? கபிலர்! காரியைப் புகழ்ந்து பாடிய அதே கபிலர். பறம்புமலையை மூவேந்தர் சூழ்ந்ததையும் பாரி மாண்டதையும் கண்டு, அவன் பெண்மக்களோடு மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியேறியவர். மலை வீழும் ஓசை எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். காரியின் சோற்றை உண்டார், அவன் கொடையைப் பாடினார். ஆயினும் அவன் நுழைந்த தெருவின் அலறலை மறைக்கவில்லை. அரிசில்கிழாரும் அப்படியே. சேரனைப் பாடி, ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும் பரிசாக வர, அரியணையை மறுத்து அமைச்சுப் பூண்டவர். அவர்தாம், தகடூரிலே வீழ்ந்த எழினிக்காகக் கண்ணீர் வடித்து, விதைநெல்லைச் சமைத்துத் தின்ற ஏழை உழவனைப்போல் அறிவு கெட்டுப் போனாயே என்று கூற்றுவனை ஏசினார். வென்ற அரசனின் அவைப்புலவர், தோற்றவனுக்காக அழுதார். இன்று அப்படி ஓர் அமைச்சரைக் காட்டு!

என் நாடகத்துக்கு வருகிறேன். 'வல்வில்' என்று பெயர். நாலாம் அங்கத்தை முடித்து, ஒத்திகையும் தொடங்கியாகிவிட்டது. அதிலே காரி கொடியவன். கறுப்பு அங்கி, உருட்டும் விழி, ஒரு பை பொன். அவன் மேடையேறினாலே கொட்டகை சீறும், அதற்காகவே எழுதினேன். இப்போது அந்த அங்கத்தைக் கிழித்துவிட்டேன். சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களைச் சொல்லும்போது காரியையும் ஓரியையும் ஒரே வரிசையிலே வைக்கிறது. காரிக் குதிரையேறிய காரியோடு ஓரிக் குதிரையேறிய ஓரி பொருதான் என்று, கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் இணையாகவே நிறுத்துகிறது. கொட்டகையின் சீறலுக்காக ஒரு வள்ளலைக் கூலிக்காரன் ஆக்கிய குற்றம் என்னுடையது. அவனும் மூவேந்தர் நடுவே நெரிந்தவன். கிள்ளிவளவன் காலத்திலே மலையமான் மரபின் பிள்ளைகளே யானைக் காலுக்கு இடப்பட, கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றவேண்டியிருந்ததே! பிறர் பேரத்துக்கு வாள் கொடுத்த குடியின் பிள்ளைகள்.

புதிய நாலாம் அங்கத்திலே வேந்தர்கள் இல்லை. திரை உயரும்போது ஒரு தெரு. திண்ணையிலே கிழவி, உரலடியிலே பெண்கள், தேன் விற்க வந்தவன், ஒரு சிறுவன். தெருக்கோடியிலே குதிரையின் குளம்பொலி. காரி வருகிறான், மெல்ல வருகிறான், வென்றவன் முகத்தோடு அல்ல. ஊர் எழுகிறது. அவர்கள் என்ன கத்துகிறார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை, கபிலரே எழுதவில்லை. ஒத்திகையிலே நடிகர்களுக்குச் சொல்லிவிட்டேன், அவரவர் வாய்க்கு வந்ததைக் கத்தட்டும் என்று.

அடுத்த ஆடியிலே ஓரி விழாவுக்கு மக்கள் மலையேறும்போது, இந்த நாடகத்தைச் செம்மேட்டிலே போடவேண்டும் என்று கிளைத் தோழர்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து முன்வரிசையிலே உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் கேட்க மறந்துவிட்டேன். கவிழ்த்துப் பிடித்த குடைதான் அடையாளம்.